அரட்டை அறையிலிருந்து வட்ஸ்அப் வரை



கடிதம் போட்டு, மறுமொழிக்காக மாதக் கணக்கில் காத்திருந்தவர்கள் நாங்கள். போர்க் காலத்தில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு கொண்டுவந்து தந்த செய்தித் தாள்களை நம்மில் சிலர் இன்றும் ட்ரங்குப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருக்கிறோம். உறை ஒட்டாத அந்தத் தாளில் குடும்பச் சங்கதி மட்டுமே எழுதலாம். இடையில் எவரும் வாசிக்கலாம் என்று தெரிந்தே எழுதினோம். “நாங்கள் சுகம், நீங்கள் சுகமா?” என்ற ஒரு வரிக்காக எத்தனை வாரம் காத்திருந்தோம்!

இன்று அதே கேள்வியைக் கைத்தொலைபேசியில் கேட்டு, தேநீர் ஆறுவதற்குள் பதிலும் பெற்று விடுகிறோம். கடிதக் காலத்துக்கும் வட்ஸ்அப் காலத்துக்கும் நடுவில் இன்னொரு காலம் இருந்தது. கணினித் திரையில் வெறும் எழுத்தால் பேசிக்கொண்ட காலம் அது. இளம் பிள்ளைகளுக்கு அது தெரியாது. பெரியவர்கள் அதை மறந்து வருகிறார்கள். அந்தப் பழைய அரட்டை முறைகளையும் இன்றைய செய்திச் செயலிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நம் கையிலுள்ள தொலைபேசியை எப்படிப் பாவிக்க வேண்டும் என்பது கொஞ்சம் தெளிவாகும். அதனால்தான் இம்மாதம் இதை எழுதுகிறேன்.

நடுவில் ஒரு கை

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் யுத்தநிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் பின்னான ஆண்டுகளில் வவுனியாவில் ஒரு இணையக் கடையில் நான் வேலை செய்தேன். நாலைந்து கணினிகள். தொலைபேசி இணைப்பு வழியாகக் கீச்சிட்டு, இரைந்து, ஒருவாறு இணையத்துக்குள் நுழையும். வெளிநாட்டு அழைப்பென்றால் நிமிடத்துக்கு நிமிடம் காசு ஏறும். எழுத்தில் பேசினால் அந்தக் காசுக்கு நெடுநேரம் இருக்கலாம். ஆகவே ஞாயிறு பின்னேரங்களில் தாய்மார் வந்து யாஹூ மெசெஞ்சர் முன்னால் அமர்வார்கள். கனடாவிலோ சுவிசிலோ இருக்கும் பிள்ளை முதலே சொல்லி வைத்த நேரம் அது.

அவர்களுள் பலருக்கு விசைப்பலகை பழக்கமில்லை. தமிழ் எழுத்துருவும் எல்லாக் கணினியிலும் ஒத்துவரவில்லை. இங்கே தமிழாக இருப்பது அங்கே கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகையால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினோம். அம்மா சொல்வார், நான் தட்டுவேன். மகன் எழுதுவார், நான் வாசிப்பேன். “அவன் அழுறானோ பிள்ளை, பார்த்துச் சொல்லு” என்று ஒரு தாய் கேட்டது இப்போதும் என் காதில் இருக்கிறது. திரையில் இருந்ததோ எழுத்து மட்டுமே. அதில் அழுகையும் தெரியாது, சிரிப்பும் தெரியாது.

இன்னொன்றையும் கண்டேன். சொல்ல வந்ததைச் சொல்லாமலே எழுந்து போன தாய்மார் பலர். மகளின் கல்யாணப் பேச்சு, அடைவு வைத்த நகை, தடுப்பில் இருக்கும் மற்ற மகன் – இவற்றையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் கை வழியாக எப்படிச் சொல்வது? “வேற ஒண்டுமில்லை, சுகமா இருக்கச் சொல்லு” என்று முடித்துவிட்டுப் போவார்கள். தன் சொல்லைத் தானே சொல்ல முடியாதிருப்பது எவ்வளவு பெரிய பாரம் என்பதை அந்தக் கடையில்தான் நான் அறிந்தேன்.

எழுத்து அரட்டை எப்படித் தொடங்கியது?

இந்தக் கதை யாஹூவோடு தொடங்கவில்லை. 1973ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில், பிளேட்டோ என்ற கற்பித்தல் கணினி வலையமைப்பில், ‘டோக்கோமற்றிக்’ என்றொரு வசதியை டக் பிரவுண், டேவிட் வூலி என்ற இருவர் உருவாக்கினர். ஒரு அலைவரிசையில் ஐந்து பேர் வரை பேசலாம். திரையில் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. ஒவ்வொரு எழுத்தையும் தட்டத் தட்ட அது மற்றவர்கள் திரையில் தோன்றும். தடுமாறுவதும், எழுதி அழிப்பதும் அப்படியே தெரியும். இன்று நாம் முழுவதையும் எழுதி, யோசித்து, பிறகு அனுப்புகிறோம். அவர்களுக்கு அந்த மறைப்பு இருக்கவில்லை.

1988ஆம் ஆண்டு ஓகஸ்டில் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்கோ ஒய்கரினன் என்பவர் ‘இன்ரநெற் ரிலே சற்’ என்ற முறையை எழுதினார். சுருக்கமாக ஐ.ஆர்.சி. என்பார்கள். படம் இல்லை, குரல் இல்லை, எழுத்து மட்டுமே. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு ‘சனல்’, அதாவது ஒரு அறை. விரும்பிய புனைபெயரோடு உள்ளே போகலாம், வேண்டாமென்றால் வெளியே வரலாம். அறையைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பாளர் இருப்பார்; தொந்தரவு செய்பவரை வெளியேற்றும் அதிகாரம் அவருக்கு உண்டு.

பங்கருக்குள் இருந்துகொண்டு பி.பி.சி. தமிழோசைக்குக் காது கொடுத்தவர்களுக்கு அடுத்த சங்கதி நன்றாக விளங்கும். 1991இல் வளைகுடாப் போர் நடந்தபோதும், அதே ஆண்டு ஓகஸ்டில் மொஸ்கோவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோதும், ஐ.ஆர்.சி. அறைகளில் இருந்தவர்கள் தமக்குத் தெரிந்ததை வரி வரியாகத் தட்டி உலகுக்குச் சொன்னார்கள். மொஸ்கோவில் ஊடகங்களின் வாய் கட்டப்பட்டிருந்த வேளையில், வெறும் எழுத்தே செய்தி கொண்டு போனது. மெதுவான இணைப்பிலும் எழுத்து போய்ச் சேரும் என்பது அதன் பெரிய பலம்.

1996இல் ஐ.சி.கியூ. வந்தது. பின்னர் ஏ.ஓ.எல்., யாஹூ, எம்.எஸ்.என். மெசெஞ்சர்கள் வந்தன. நண்பர் இணையத்தில் இருக்கிறாரா என்று பெயர்ப் பட்டியலே காட்டும். கைத்தொலைபேசியில் குறுந்தகவல் வேறொரு பாதையில் வளர்ந்தது. 1992 டிசம்பர் 3ஆம் திகதி பிரித்தானியாவில் முதலாவது குறுந்தகவல் அனுப்பப்பட்டது. ஆங்கிலத்தில் 160 எழுத்துக்கு ஒரு தகவல். தமிழில் அனுப்பினாலோ 70 குறிகளோடு ஒரு தகவல் முடிந்துவிடும். தமிழில் எழுதினால் கூடுதல் காசு போவதற்குக் காரணம் இதுதான். 2009இல் வட்ஸ்அப் தொடங்கியது, 2010இல் வைபர் வந்தது. 2013இல் வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பும் வசதி சேர்ந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத தாயும் இனி யாருடைய கையையும் எதிர்பார்க்காமல் தன் வாயால் பேசலாம் என்றானது. மற்ற எல்லாவற்றையும் விட இதையே நான் பெரிய மாற்றமாக நினைக்கிறேன்.

காத்திருப்பின் குணம் மாறியது

பழைய அரட்டையில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் ஐந்து மணி என்றால் ஐந்து மணி. பேசி முடித்து எழுந்தால் அடுத்த ஞாயிறு வரை மனம் ஆறியிருக்கும். பதில் வராத நாட்கள் சாதாரண நாட்களாகவே கழிந்தன.

இன்றைய செயலி எந்நேரமும் திறந்த வாசல். செய்தி போனதா, சேர்ந்ததா, பார்த்தாரா என்பதையெல்லாம் அது சொல்கிறது. 2014 நவம்பரில் வட்ஸ்அப்பில் நீலச் சரி அடையாளம் வந்த பிறகு எத்தனை வீடுகளில் சண்டை! “பார்த்திட்டும் பதில் போடேல்லை” என்பது இப்போது ஒரு குற்றச்சாட்டு. யாரையாவது தொலைத்த வீடுகளில் மௌனம் வெறும் மௌனமாக இருப்பதில்லை. மகன் வேலைக்குப் போயிருப்பான், தொலைபேசியில் சார்ஜ் இறங்கியிருக்கும். ஆனால் காணாமற் போனவரைத் தேடியே வயதுபோன மனத்துக்கு அது தோன்றுமா? ஒற்றைச் சரி அடையாளத்தைப் பார்த்துக்கொண்டு இரவு முழுக்க விழித்திருக்கும் பெண்களை நான் அறிவேன்.

இதற்கு மருந்து பழைய முறையிலேயே இருக்கிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளையோடு நாளும் நேரமும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற வேளைகளில் பதில் தாமதித்தால் அது வழமை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுங்கள். நீல அடையாளத்தைச் செயலியின் அமைப்பில் நிறுத்தியும் வைக்கலாம்.

புனைபெயரும் தொலைபேசி இலக்கமும்

ஐ.ஆர்.சி.யில் ஒரு பெண் ‘மல்லிகை’ என்ற பெயரில் போய், தொந்தரவு வந்தால் ‘தாமரை’ என்று திரும்பி வரலாம். அவளுடைய வீடு எது, இலக்கம் எது என்று அறையில் உள்ளவர்களுக்குத் தெரியாது. அந்த மறைவில் ஆபத்தும் இருந்தது. பெண் பெயரில் ஆணும், சிறுபிள்ளை பெயரில் பெரியவரும் வந்தார்கள். சிறுவர் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2003 ஒக்டோபரில் எம்.எஸ்.என். நிறுவனம் பல நாடுகளில் தன் இலவச அரட்டை அறைகளை மூடியது. ஆகவே பழையது எல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் வட்ஸ்அப்பில் நம் பெயரே நம் தொலைபேசி இலக்கம்தான். ஒரு குழுவில் சேர்த்துவிட்டால் அங்குள்ள அனைவருக்கும் அது தெரியக்கூடும். முன்பள்ளிக் குழு, சங்கக் குழு, சீட்டுக் குழு, கடன் குழு என்று நம்மிடம் எத்தனை குழுக்கள்! ஒரு குழுவில் ஆயிரம் பேருக்கு மேலும் இருக்கலாம். அதில் ஒருவர் இலக்கத்தை எடுத்து இரவு பதினொரு மணிக்கு “நித்திரையோ?” என்று கேட்டால், கணவரில்லாமல் பிள்ளைகளோடு இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது வெறும் செய்தி அல்ல. பதில் சொன்னாலும் கதை, சொல்லாவிட்டாலும் பயம். இலக்கத்தை மாற்றினாலோ கச்சேரி, வங்கி, பள்ளிக்கூடம், வெளிநாட்டு உறவு எல்லோருக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். புனைபெயரைக் கழற்றுவது போல இலக்கத்தைக் கழற்ற முடியாது.

கடன் தவணை பிந்தியவரின் பெயரைக் குழுவில் போட்டுக் கேட்பதும் இப்போது காதில் விழுகிறது. முன்பு வாசலில் வந்து கேட்டால் அயலில் நாலு பேருக்குத் தெரியும். இப்போது ஊருக்கே தெரிகிறது. இது செயலியின் குற்றமல்ல, பாவிப்பவரின் குற்றம். ஆனால் பழைய அறையில் போல, குழுவின் பொறுப்பாளர் எழுந்து “இதை இங்கே கேட்கக் கூடாது” என்று சொல்லி நிறுத்த வேண்டும். பொறுப்பாளராக இருக்கும் சகோதரிகளே, அந்த அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது. குட்மோர்னிங் பூப்படம் போடுவதோடு உங்கள் கடமை முடிவதில்லை.

வீட்டுக்காரர் யார்?

ஐ.ஆர்.சி. எந்தக் கம்பனிக்கும் சொந்தமல்ல. அதன் விதிமுறைகளை 1993இல் எல்லோரும் அறிய வெளியிட்டார்கள். யாரும் ஒரு சேர்வர் வைத்து நடத்தலாம். 2021இல் ஃபிரீநோட் என்ற பெரிய ஐ.ஆர்.சி. வலையமைப்பின் கட்டுப்பாடு கை மாறியபோது, அதை நடத்திவந்த தொண்டர்களில் பெரும்பாலோர் விலகி ‘லிபரா சற்’ என்று புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். பேசுவோரும் பழைய மென்பொருளோடேயே அங்கே குடிபோனார்கள். வீட்டுக்காரர் சரியில்லை என்றால் சாமானைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்பதுதான் இதன் பொருள்.

கம்பனி மெசெஞ்சர்கள் அப்படியல்ல. ஏ.ஓ.எல். மெசெஞ்சர் 2017 டிசம்பரில் மூடப்பட்டது. யாஹூ மெசெஞ்சர் 2018 ஜூலை 17இல் நின்றது. ஐ.சி.கியூ. 2024 ஜூனில் முடிந்தது. யாஹூ நின்றபோது பழைய உரையாடலை எடுத்து வைக்கச் சில மாத அவகாசம் கொடுத்தார்கள். ஆனால் வவுனியாக் கடையில் என் கை வழியாகப் பேசிய தாய்மாருக்கு அது யார் போய்ச் சொல்வது? இடம்பெயர்ந்து, இடம்பெயர்ந்து, 2009ஐயும் கடந்து வந்த செஞ்சிலுவைத் தாள்கள் சில வீடுகளில் மிஞ்சியிருக்கின்றன. அந்த ஞாயிறு பின்னேரப் பேச்சுக்களில் ஒரு வரி கூட மிஞ்சவில்லை.

அரசின் கையும் உண்டு. கண்டி மாவட்டத்தில் வன்செயல் நடந்த 2018 மார்ச்சிலும், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பின் பின் 2019 ஏப்ரலிலும், பொருளாதார நெருக்கடிப் போராட்டங்களின்போது 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் வட்ஸ்அப் உட்படச் சமூக ஊடகங்கள் நம் நாட்டில் தடுக்கப்பட்டன. அந்த நாட்களில் சாதாரண அழைப்பையும் குறுந்தகவலையும் நம்பியே இருக்க நேர்ந்தது.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐ.ஆர்.சி.யில் பேச்சு பூட்டப்படாமலே பயணம் செய்து வந்தது. சேர்வர் நடத்துபவர் நினைத்தால் வாசிக்கலாம். வட்ஸ்அப் 2016 ஏப்ரலிலிருந்து செய்திகளை அனுப்புபவரும் பெறுபவரும் மட்டும் வாசிக்கும்படி பூட்டி அனுப்புகிறது. இடையில் கம்பனியாலும் அதை வாசிக்க முடியாது. உறை ஒட்டாத தாளில் எழுதிய நமக்கு இது சின்ன விசயமல்ல. ஆனால் இந்தப் பூட்டு வழிக்கு மட்டும்தான். தொலைபேசி மற்றவர் கையில் இருந்தால் பூட்டால் பயனில்லை. நீங்கள் அனுப்பியதை மறுபக்கத்தில் உள்ளவர் படம் பிடித்து வேறொருவருக்குக் காட்டினாலும் பயனில்லை.

நாம் செய்யக் கூடியவை

1. வட்ஸ்அப் அமைப்பில் உங்களைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை ‘என் தொடர்பிலுள்ளோர்’ என்று மாற்றுங்கள். வேண்டாத குழுவிலிருந்து விலகத் தயங்காதீர்கள். இப்போது விலகினால் பொறுப்பாளருக்கு மட்டுமே அறிவிப்புப் போகும்.

2. குறுந்தகவலில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டை எவர் கேட்டாலும், சொந்தச் சகோதரர் பெயரில் கேட்டாலும், கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்தால் உங்கள் கணக்கு மற்றவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் உறவினரிடம் காசு கேட்பார்கள். இரண்டாம் படி இரகசிய இலக்கத்தையும் அமைத்துக்கொள்ளுங்கள்.

3. ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ என்ற இடத்தை இடைக்கிடை பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ தொலைபேசியோ அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள். தொலைபேசியைத் திருத்தக் கொடுத்து வாங்கிய பிறகு இதைக் கட்டாயம் பாருங்கள்.

4. முக்கியமான இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளையின் இலக்கம், அவருடைய வீட்டுத் தொலைபேசி, அயலவர் ஒருவர். செயலி நின்றாலும், தொலைபேசி தண்ணீரில் விழுந்தாலும் கொப்பி இருக்கும்.

5. இறந்தவரின், அல்லது காணாமற் போனவரின் குரலோ படமோ தொலைபேசியில் இருந்தால் அதை ஒரு இடத்தில் மட்டும் வைத்திருக்காதீர்கள். கணினியிலோ மெமரி கார்ட்டிலோ இன்னொரு பிரதி எடுத்து, வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். அனுப்பிய திகதியையும் எழுதி வையுங்கள். ஒரு நாள் அது சாட்சியாகவும் தேவைப்படலாம்.

6. மிரட்டலோ ஆபாசமோ வந்தால் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். இலக்கமும் நேரமும் தெரியும்படி படம் எடுத்து வைத்துவிட்டு, அதன் பின் தடுங்கள். மகளிர் உதவித் தொலைபேசி 1938. கணக்கு பறிபோனால் ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனத்தின் 101. பிரதேச செயலகத்தில் உள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் நேரில் சொல்லலாம். வெட்கப்பட வேண்டியவர் அனுப்பியவர், நீங்களல்ல.

7. தொலைபேசியைப் பாவிக்கத் தெரியாத தாய்க்கு நீங்களே பேசி அனுப்பிக் கொடுக்காதீர்கள். குரல் பதிவுப் பொத்தானை அழுத்தவும், விடவும், திரும்பக் கேட்கவும் அரை மணித்தியாலம் இருந்து பழக்குங்கள். பிறகு அவரைத் தனியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள்.

கடைசியாகச் சொன்ன அந்த ஒன்றைச் சங்கக் கூட்டங்களில் செய்து பார்க்கும்படி உங்களிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த ஒன்றுகூடலுக்குத் தெரிந்தவர் ஒருவர், தெரியாதவர் ஒருவர் என்று இரண்டிரண்டு பேராக உட்காருங்கள். இளம் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். செயலிகள் இன்னும் மாறும். இன்றுள்ளது மூடப்பட்டு வேறொன்று வரும். ஆனால் தன் சொல்லைத் தானே சொல்லவும், யாருக்குச் சொல்வது என்று தானே தீர்மானிக்கவும் பழகிய பெண் எந்தப் புதிய செயலியையும் சமாளிப்பாள்.